வாங்கிட்டுப் போகாத படங்கள்

"வந்துட்டே இருக்கோம் மதினி. அண்ணன் படம் ஒண்ணு எடுத்து வைங்க. தெளிவா, கொஞ்சம் பெருசா" அப்படின்னு சொல்லிட்டு சேவியர் போனை வச்சுட்டான். படம் எடுத்து வைக்கணுமாம். யார்கிட்ட சொல்றான் பாரு. கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னாடித் தெருவுல பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன்னு போர்டு போட்டு உட்கார்ந்திருக்கவ நானு. மதுரையில பாதிப் பேர் காதை நான் பார்த்திருக்கேன். காது தெரியணும், சிரிக்கக் கூடாது, கண்ணாடியைக் கழட்டுங்க, நேராப் பாருங்க, முடிஞ்சது, அடுத்து யாரு. அப்படிப்பட்டவ கையில கட்டின புருசன் படம் ஒண்ணு இல்ல. இல்லைன்னா சுத்தமா இல்லைன்னு இல்ல. ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு, அதைக் காட்டினா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது, திருடனைப் பிடிச்சு வந்து நிறுத்தின மாதிரி ஒரு முழி. கல்யாண ஆல்பத்துல இருக்கு, அதுல மீசைதான் இருக்கு, ஆளைத் தேடணும். அதுக்கப்புறம் எங்கே? பத்திரிகைக்குப் படம் எடுக்கிற மனுசன், ஊர்வலம், மறியல், தேர்தல், வெள்ளம்னு எல்லாத்துக்கும் முன்னால போய் நின்னு எடுப்பாரு. நம்ம கேமராவைத் தூக்கினா மட்டும் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. ஒருநாள் இந்த ஸ்டூல்ல பிடிச்சு உட்கார வச்சேன். "வல்லி, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா, நான் எந்த அப்ளிகேஷன்ல ஒட்டப் போறேன்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. திருமாறன்னு பேரு வச்சாங்க, திரும்பாத மாறன்னு வச்சிருக்கலாம்னு நான் கத்தினேன். சீ, என்ன வார்த்தை. அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னது இன்னிக்கு வந்து நாக்குல உட்காருது. துப்பணும் போல இருக்கு. எந்திரிச்சு வாசல்ல போய் துப்பிட்டு வந்தேன். எதிர்த்த டீக்கடையில நாலு பேர் பார்க்கிறாய்ங்க, பார்க்கட்டும். லேமினேஷன் மெஷினைப் போட்டு வைப்போம், சூடாக நேரம் எடுக்கும். எதுக்குப் போடுறேன்? இப்ப யாரு லேமினேஷன் கேட்டா? கை சும்மா இருக்க மாட்டேங்குது.

வடக்கே எல்லையை ஒட்டி அந்த மலை மாநிலம். இன்னிக்கு வரைக்கும் அதோட ஊர்ப் பேரு எதையும் எனக்குச் சரியாச் சொல்ல வராது. அங்க ரெண்டு பக்கத்து ஜனம் ஒருத்தர் வீட்டை ஒருத்தர் கொளுத்திக்கிட்டு இருக்குன்னு டிவியில கீழே ஓடுற எழுத்துல வந்துச்சு. மேலே யாரோ ஒரு மந்திரி பாலம் திறந்துக்கிட்டு இருந்தாரு. இவரு சோத்துத் தட்டோட டிவி முன்னால நின்னவரு அப்படியே நின்னாரு. "கீழே ஓடுது பாரு வல்லி, கீழே ஓடவிட்டுட்டாய்ங்க." எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. இந்த மனுசனுக்குக் கீழே ஓடுறதை மேலே கொண்டுவரணும். அது ஒரு வியாதி. பத்திரிகையில கேட்டிருக்காரு, நம்மூர்ச் சேதியே போட இடமில்ல, அங்க என்னய்யா நமக்குன்னு ஆசிரியர் சொல்லியிருக்காரு. லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. வெளிநாட்டு ஏஜென்சி ஒண்ணு படம் அனுப்பினாப் பார்க்கிறோம்னு சொல்லுச்சாம். பார்க்கிறோம்னுதான் சொல்லுச்சு. அத்தைகிட்ட, உசிலம்பட்டியில இருக்கிற அவரு அம்மாகிட்ட, தேர்தல் டூருன்னு சொல்லி வச்சிருக்கோம். எந்தத் தேர்தல்னு அது கேட்கலை, நாட்டுல எப்பவும் ஏதோ ஒரு தேர்தல் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு. போனவரு ஒரு முகாம்ல இருந்து கூப்பிட்டாரு. பள்ளிக்கூடத்துல ஜனத்தைத் தங்க வச்சிருக்காங்க, குளிருது, சோறு நம்ம சோறு மாதிரி இல்ல, நாளைக்கு மேல ஒரு கிராமத்துக்குப் போறோம், சிக்னல் இருக்காது, பயப்படாத. பயப்படாதன்னு சொன்னாத்தானே ஆளுக்குப் பயம் வரும்! அதுக்கப்புறம் அந்தப் பதிவு பண்ணின பொம்பளைக் குரல்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். அவளுக்கு எம்புட்டு நிதானம் பாரு. கூட்டிட்டுப் போன டிரைவர் மட்டும் தனியாத் திரும்பி வந்திருக்கான், வழியில ஆயுதத்தோட நின்னவங்க இவரை இறக்கிக்கிட்டாங்கன்னு சொல்றானாம். எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு அவனுக்கும் தெரியாதாம். ஆசிரியர்கிட்டப் போய் நின்னேன். "அம்மா, அவரு லீவுலதானே போனாரு, நாங்க அனுப்பலையே." இத்தனை வருசம் அவரு எடுத்த படத்தை முதல் பக்கத்துல போட்டுப் பேரு வாங்கினவரு, என்னைப் பார்த்து, அனுப்பலையேன்னாரு. எனக்கு அழுகை வரலை, கோவம்தான் வந்துச்சு. அவரு மேசையில கண்ணாடி பேப்பர் வெயிட் இருந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். எடுத்து எறிஞ்சிருவேனோன்னு எனக்கே பயமாயிருச்சு.

அதனாலதான் சேவியர். வேற பத்திரிகைக்காரன், ஆனா இவரு கூடவே திரிஞ்சு வளர்ந்தவன், முதல்ல கேமரா பிடிக்கக் கத்துக்கிட்டதே இவரோட பைக் பின்னால உட்கார்ந்துதான். "மதினி, நாளைக்கு எங்க பேப்பர்ல முதல் பக்கம் போட வைக்கிறேன். ஒருநாள் வந்துருச்சுன்னா டிவிக்காரன் தானா வருவான். அவன் வந்தா எம்.பி. பேசுவாரு. எம்.பி. பேசினா டெல்லியில ஒருத்தன் போனை எடுப்பான். அந்த ஒரு போன்தான் மதினி வேணும்." கேட்கக் கேட்க நெசம்தான்னு தெரியுது. பிடிச்சு வச்சிருக்கவனுக்கு இவரு யாரோ ஒரு கருத்த ஆளு. பேப்பர்ல வந்தாத்தான் ஆளு, இல்லைன்னா காணாமப் போன கணக்குல ஒண்ணு. ஆனா முதல் பக்கம்னா என்ன படம் போடுவாய்ங்கன்னு எனக்குத் தெரியாதா? நான்தான் அவரு சம்சாரம், நான்தான் உட்காருவேன், என் கையில அவரு படம் இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டது. நெஞ்சோட சேர்த்துப் பிடிங்கம்மா. கொஞ்சம் சாய்ச்சுக்கோங்க, கண்ணாடியில லைட் அடிக்குது. இங்க பாருங்கம்மா. எம்புட்டுப் பேரு வாயில எம்புட்டு தடவை கேட்டாச்சு. மீனவன் கடல்ல போனா அவன் பொண்டாட்டி கையில படம். குவாரியில கல்லு விழுந்தா அம்மா கையில படம். எதிர்த்த டீக்கடை டிவியில நாள் முழுக்கச் சண்டை, பேரு தெரியாத ஊரு, தலையில முக்காடு போட்ட பொம்பளை, தலை விரிச்ச பொம்பளை, வெள்ளைக்காரப் பொம்பளை, எல்லாம் கையில ஒரு படத்தோட நிக்குது. மொழி புரியலைன்னாலும் படத்தைப் பார்த்த உடனே ஆளு இல்லைன்னு புரிஞ்சுருது. டீ குடிக்கிறவன் உச்சுக் கொட்டிட்டு வடை கேட்கிறான். இதுதான் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற ஒரே சமாசாரம். கையில படத்தோட நிக்கிற பொம்பளைன்னா முடிஞ்சது.

இவரும் அப்படிப் பிடிக்கச் சொன்னவருதான், நான் ஒண்ணும் மறைக்கப் போறதில்ல. எழவு வீட்டுக்குள்ள போய், சுவத்துல மாட்டியிருக்கிற படத்தைத் தானே கழட்டி, தன் கர்ச்சீப்பால துடைச்சு, அந்தப் பொம்பளை கையில கொடுத்துட்டு நாலடி பின்னால வருவாரு. அம்புட்டு மரியாதையாச் செய்வாருன்னு சேவியர் சிலாகிப்பான். நான் திட்டுவேன், அதென்ன எல்லாரையும் ஒரே மாதிரி உட்கார வைக்கிறீங்க, நான் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறேன்னு கேலி பண்றீங்களே, நீங்க எடுக்கிறதும் பாஸ்போர்ட் போட்டோதான், எழவு பாஸ்போர்ட்னு. சிரிக்க மாட்டாரு. இலங்கைக்கு ஒருவாட்டி போய்ட்டு வந்தாரு. வவுனியாவுல ரோட்டோரம் கொட்டகை போட்டு, காணாமப் போன பிள்ளைங்களைக் கேட்டு அம்மாமாரு உட்கார்ந்திருந்தாங்கள்ல, அதை எடுக்க. அங்கயும் இதே பாட்டுத்தான், சட்டம் போட்ட படம் இருக்காம்மா, கையில பிடிச்சுக்கோங்கன்னிருக்காரு. ஒரு அம்மா வெறும் பிளாஸ்டிக் ஒட்டின அட்டையை நீட்டிச்சாம். "கண்ணாடிச் சட்டம் போட மாட்டன் தம்பி. சட்டம் போட்டா பொட்டு வைக்கச் சொல்லுவினம், பொட்டு வைச்சா பூப் போடச் சொல்லுவினம். என்ட பிள்ளை இருக்கிறான்." அன்னிக்கு இந்தக் கடையில, இதே கவுண்டர்ல சாய்ஞ்சுக்கிட்டு அதைச் சொன்னாரு. சொல்லிட்டு நம்ம லேமினேஷன் மெஷினையே பார்த்தாரு. அதுக்கப்புறம் யாரையும் பிடிக்கச் சொல்றதில்லைன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். அடுத்த வாரமே கப்பலூர்ப் பக்கம் பஸ் கவிழ்ந்து நாலு வீட்டுல நாலு பொம்பளை கையில கொடுத்து எடுத்துட்டு வந்தாரு. பழக்கம். பழக்கத்தை யாரு ஜெயிச்சா? ஆனா அந்த அம்மா சொன்னது என் காதுலதான் தங்கிருச்சு. அதனாலதான் இப்ப இந்தப் பாடு. படம் போட்டா ஆளு வரலாம். படத்தைக் கையில பிடிச்சா ஆளு போயிருவாரு. ரெண்டும் ஒரே படம். அத்தை வேற காலையில பேப்பரை விரிக்கும், எழுத்து தெரியாது, படம் மட்டும்தான் பார்க்கும். நான் சட்டத்தோட உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா அது எழுத்துக் கூட்டிப் படிக்கவா போகுது, அங்கேயே விழுந்துரும்.

"ஏம்மா, ஜெராக்ஸ் ரெண்டு பக்கமும் வருமா?" ஒரு பெரியவரு, கையில ஓய்வூதியக் கார்டு. வரும், கொடுங்க. மெஷின்ல வெளிச்சம் போய்ட்டு வருது. "என்னம்மா, கார்டைத் தலைகீழா வைக்கிற, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன்யா. சாப்பிடலை. அவரு போறப்ப சுவத்துப் பக்கம் அண்ணாந்து பார்த்துட்டுப் போறாரு. எல்லாரும் பார்ப்பாய்ங்க. சுவத்து நீளத்துக்கு நைலான் கயிறு கட்டி, துணி காயப் போடுற கிளிப்புல படமாத் தொங்கும். எடுத்துட்டு, வந்து வாங்கிக்கிறேன்னு போய், வாங்காம விட்டவங்க படம். ஒவ்வொண்ணுலயும் கீழே ஸ்கெட்ச் பேனாவுல பேரு. சிலது மாசக் கணக்குல தொங்கும், மூஞ்சி வெளுத்துக்கூடப் போகும். "இதையெல்லாம் எடுத்துக் குப்பையில போடு வல்லி, கடையா இது, காணாமப் போனவங்க ஆபீஸா"ம்பாரு. போட மாட்டேன். வருவாங்க. வேலை கிடைச்சுத் திருப்பூர் போன பையன் ஒரு தீபாவளிக்கு வந்து, அக்கா என் போட்டோ இருக்கான்னு கேட்டான், தூசியைத் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கயித்துல தொங்குற ஒருத்தரும் செத்ததில்ல. அது என்ன நம்பிக்கைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. செத்தவங்க படம் வேற. அது கயித்துக்கு வராது, சூட்டோட சூடா வாங்கிட்டுப் போயிருவாங்க, அன்னிக்கே வேணும்பாங்க. அதுக்கு ஒரு படமும் உருப்படியா இருக்காது. ஏதாவது கல்யாணக் கூட்டத்துல நின்ன படத்தைக் கொண்டாருவாங்க, அதுல இருந்து ஆளை மட்டும் வெட்டி எடுக்கணும், தோள்ல கிடக்கிற யாரோ கையை அழிக்கணும், பின்னால இருக்கிற பந்தலை அழிச்சு நீல வானம் வைக்கணும். அதுக்குன்னே கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் போட்டு வச்சிருக்கேன். வானம் தயாரா இருக்கும், ஆளை இழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

சேவியர் இப்ப எங்க வந்திருப்பான்? பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல மாட்டியிருப்பான். மாட்டட்டும். சீக்கிரம் வரட்டும். என்னடி நினைக்கிற நீ, வரணுமா வரக் கூடாதா? கம்ப்யூட்டரைத் திறந்தா முதல்ல வர்றது அவரு கடைசியா அனுப்பின படம். நேத்து முழுக்க அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், மூடவே இல்ல போல. எரிஞ்ச கடைத்தெரு. தகரமெல்லாம் சுருண்டு கிடக்கு. நடுவுல ஒரு பொம்பளை, முதுகுல துணியில கட்டின பிள்ளை, கையில ஒரு கெட்டில். கெட்டிலை எதுக்குத் தூக்கிட்டு வந்தா? வீடு எரியிறப்ப நான் எதைத் தூக்குவேன்? அவ நேரா கேமராவைப் பார்க்கிறா. அழுகலை. யாருய்யா நீ, எதுக்கு இங்க நிக்கிறன்னு கேட்கிற மாதிரி ஒரு பார்வை. முதல்ல நானும் அவளைத்தான் பார்த்தேன், ஐயோ பாவம்னு. அப்புறம்தான் சுரீர்னுச்சு. அவ பார்க்கிறது என்னையா? அவ பார்க்கிறது என் புருசனை. அவரு அவ முன்னால நாலடியில நிக்கிறாரு, முட்டி போட்டிருப்பாரு, கேமரா அந்த உசரத்துலதான் இருக்கு, அந்த முட்டி வலி வேற, எந்திரிக்கிறப்ப யம்மான்னிருப்பாரு. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால ஒரு ஆளு நிக்கிறான், அவனை யாரும் பார்க்கிறதே இல்ல. இத்தனை வருசமா பேப்பரை விரிச்சு அவரு படத்தைப் பார்த்திருக்கேன், அடிபட்டவனை, அடிச்சவனை, மாலை போட்டவனை, எல்லாரையும் பார்த்திருக்கேன், இவரு எங்க நின்னாரு, எந்தப் பக்கம் கல்லு வந்துச்சுன்னு ஒருநாளாவது பார்த்தேனா? இவ பார்த்திருக்கா. என் புருசனைக் கடைசியாப் பார்த்த பொம்பளை இவதான். அவ கண்ணைப் பெருசு பண்ணினேன். இன்னும் பெருசு. கண்ணுக்குள்ள எங்கயாவது ஒரு நிழல், ஒரு தலை, ஒரு தொப்பி. கட்டம் கட்டமாப் போயிருச்சு. பழுப்பு, கருப்பு, பழுப்பு. எனக்கே தெரியும் அம்புட்டுதான் வரும்னு, இதே தொழில்தானே பார்க்கிறேன், கஸ்டமர் கேட்டா சிரிப்பேன், இல்லாததைப் பெருசு பண்ணினா எங்கய்யா வரும்னு. ஆனாலும் பெருசு பண்ணிக்கிட்டே இருந்தேன். ஏம்மா, அவரு நல்லா இருந்தாரா? தண்ணி கிண்ணி கொடுத்தியா? அந்தக் கெட்டில்ல ஏதாவது இருந்துச்சா?

சரி, போதும். வேலையைப் பாரு வல்லி. படம் வேணும்ல. போனைப் பார்த்தா, சேவியர் கிளம்புறப்ப வாட்ஸ்அப்புல ஒண்ணு அனுப்பியிருக்கான், மதினி இது ஓகேவா பாருங்கன்னு. தை மாசம் அவன் திருநகர்ல வீடு பால் காய்ச்சினப்ப அவனே எடுத்தது. கூட்டமா நின்ன படத்துல இருந்து ஆளை மட்டும் அவசரத்துக்கு வெட்டி அனுப்பியிருக்கான். அசந்து போயிட்டேன். இவரு சிரிக்கிறாரு. வாய் நெறையச் சிரிக்கிறாரு. கன்னத்துல அந்தப் பழைய தையல் தழும்பு, ஏதோ ஒரு மறியல்ல தடியடி பட்டது, தெளிவாத் தெரியுது. இப்ப இருக்கிற மாதிரியே இருக்காரு, நரைச்ச தாடி, காது ரெண்டும் தெரியுது. பாஸ்போர்ட் ஆபீஸ்ல சிரிப்புக்காகத் திருப்பி அனுப்புவான், மத்தபடி பாஸ். கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அப்புறம் கைக்கு வேலை வந்துருச்சு. வேலை வந்ததும் மனசு கொஞ்சம் அடங்குச்சு, நெசமாவே, அத்தனை நாள்ல முதல் தடவையா மூச்சு ஒழுங்கா வந்துச்சு. ஆளைச் சுத்திக் கோடு போட்டேன், தலைமுடி ஓரத்துல நிதானமா, தாடி கிட்டப் பார்த்து. பின்னால வாழைமரமும் தோரணமும். அழி. தோள்ல யாரோ கை வச்சிருக்காங்க, நாலு விரல், பெருவிரல் பின்னால இருக்கும் போல. இந்த மனுசன் தோள்ல எவனாவது ஒருத்தன் கையைப் போட்டுக்கிட்டேதான் இருப்பான். பக்கத்துல இருக்கிற சட்டைத் துணியை எடுத்து விரல் மேல வச்சுப் பூசினேன். சுண்டுவிரல் போச்சு. மோதிர விரல் போச்சு. கட்டம் போட்ட சட்டை, கோடு கோட்டோட சேரணும், இல்லைன்னா கண்டுபிடிச்சிருவாங்க. சேர்ந்துருச்சு. நல்ல கைடி உனக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன். மிச்ச ரெண்டு விரலை அழிக்கிறதுக்கு முன்னால எப்படி வருதுன்னு பார்க்க ஆளை இழுத்துப் போட்டேன். அளவு சரி பண்ணினேன். சட்டைக் கலர் கொஞ்சம் தூக்கினேன். நீல வானத்துல இவரு சிரிக்கிறாரு. நல்லாத்தான் இருக்கு. ஓரம் சரியா இருக்கான்னு பார்க்கக் கீழே வந்தேன். கீழே தோற்றம்னு எழுதிப் புள்ளி வச்சிருக்கு. பக்கத்துல மறைவுன்னு எழுதிப் புள்ளி வச்சிருக்கு.

ஐயய்யோ. என்ன காரியம்டி பண்ணி வச்சிருக்க. எவன் சொன்னான் உன்னை அந்தச் செத்தவங்க ஃபைலைத் திறக்க? யாரும் சொல்லலை, கை தானாப் போய்த் திறந்துச்சு. சேவியர் சட்டம் கேட்டானா, இன்னும் கேட்கக்கூட இல்ல. வவுனியா அம்மான்னு மூச்சுக்கு மூச்சு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவ, அடுத்த நிமிசமே கட்டின புருசனை வானத்துல கொண்டுபோய் வச்சுட்டேன். மறைவுக்குப் பக்கத்துல இருக்கிற அந்தப் புள்ளி என்னைப் பார்க்குது, தேதியைப் போடுங்குது. முருகா. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துச்சு. ஃபேனைப் பார்த்தா சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. மவுஸைத் தொடவே பயமா இருக்கு, எதைத் தொட்டா எது ஆகுமோன்னு. அப்பதான் மிச்சமிருந்த ரெண்டு விரல் கண்ணுல பட்டுச்சு. இன்னும் அழிக்காத ரெண்டு விரல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நடுவிரல் கணுவுல ஒரு வெள்ளைத் தழும்பு, நீளவாக்குல. எனக்குப் புரியலை. முதல்ல புரியவே இல்ல. அப்புறம் மவுஸ் மேல இருக்கிற என் கையைப் பார்த்தேன். லேமினேஷன் மெஷின்ல சுட்டுக்கிட்ட தழும்பு. நடுவிரல்ல. நான்தான். அது என் கை. பால் காய்ச்சின அன்னிக்குப் பக்கத்துல நின்னது நான்தான், சேவியர் வெட்டினதுல நான் வெளியே போயிட்டேன், கை மட்டும் மாட்டிக்கிச்சு. எவன் கையோன்னு என் கையை நானே அழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், கோடு சேருதான்னு பார்த்துப் பார்த்து. பாராட்டு வேற! அழுதேன். ஆசிரியர் முன்னால வராத அழுகை, அந்தப் பதிவு பண்ணின குரலுக்கு வராத அழுகை, இப்ப வந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டு கவுண்டருக்குக் கீழே குனிஞ்சு அழுதேன். நான் அவரை விடலையே, விடாமத்தானே பிடிச்சிருந்தேன், அப்பக்கூட.

அன்டூன்னு ஒரு பட்டன் இருக்கு, செஞ்சது ஒவ்வொண்ணாப் பின்னால போகும். அமுக்கினேன். சட்டைக் கலர் இறங்குச்சு. அமுக்கினேன். வானம் போச்சு, தோற்றமும் மறைவும் போச்சு, நல்லாப் போகட்டும், நாசமாப் போகட்டும். மோதிர விரல் வந்துச்சு. சுண்டுவிரல் வந்துச்சு. வாழைமரம் வந்துச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு சேவியருக்குப் போன் போட்டேன். "டேய், வெட்டாத படத்தை அனுப்பு." "எது மதினி?" "அன்னிக்கு எடுத்தது முழுசும். இப்பவே." "வண்டியில இருக்கேன் மதினி, சிக்னல்ல." "சிக்னல்லதானே நிக்கிற, அனுப்புடா." அனுப்பினான். முழுப் படத்துல நான் இருக்கேன். இவரு சிரிக்கிறாரு, நான் அவரைப் பார்த்து ஏதோ திட்டிக்கிட்டு இருக்கேன், வாய் கோணலாப் போயிருக்கு, முடி கலைஞ்சிருக்கு, ஒரு கை அவரு தோள்ல. ஓடாம நில்லுய்யான்னு சொல்லிப் பிடிச்சு வச்சது. இப்ப நல்லா ஞாபகம் வருது, சேவியர் கேமராவைத் தூக்கினதும் இவரு நழுவப் பார்த்தாரு, நான் தோளை அமுக்கினேன், அதுக்குத்தான் சிரிச்சாரு. இதுல எங்கே வானம் வைக்கிறது? இதை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. பிரிண்ட் போட்டேன். சட்டத்துக்கான அளவு வேண்டாம்னு சின்னதாவே போட்டேன். சூடா வெளியே வந்துச்சு.

பைக் சத்தம். சேவியர் கேமராப் பையோட படி ஏறினான், கண்ணு சிவந்திருந்துச்சு, பாவம், அவனும் தூங்கலை போல. கூட ஒரு பொண்ணு, நிருபர், நோட்டை நெஞ்சுல அணைச்சுக்கிட்டு என்ன பேசுறதுன்னு தெரியாம நின்னுச்சு. "உட்காரும்மா"ன்னேன். பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூல்ல உட்கார்ந்துச்சு. சேவியர் கடையைச் சுத்திப் பார்த்தான், வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு பார்க்கிறான், எனக்குத் தெரியாதா? "மதினி, இப்படி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துக்கோங்க. படம் எங்க?" கொடுத்தேன். பார்த்தான். "மதினி... இதுல நீங்களும் இருக்கீங்க." "ஆமா. இருக்கேன்." "இல்ல, அண்ணன் மட்டும் தனியா, கொஞ்சம் பெருசா... சட்டம்கூட இருந்தா..." "சட்டம் போட மாட்டேன் சேவியர்." "சரி மதினி, சட்டம் வேண்டாம். சும்மா கையில பிடிச்சுக்கோங்க. நெஞ்சுகிட்ட." "கையில பிடிக்க மாட்டேன்." அவன் தலையைச் சொறிஞ்சான். "நீங்க புரிஞ்சுக்கணும் மதினி. நான் உங்களுக்குச் சொல்லணுமா? கையில படம் இருந்தாத்தான் பார்க்கிறவனுக்கு ஒரே நொடியில புரியும். இல்லைன்னா டெஸ்க்ல தூக்கி உள்பக்கம் போட்ருவாய்ங்க. உள்பக்கம் போனா டெல்லிக்காரன் பார்க்க மாட்டான். அண்ணன் விசயம் மதினி. ஒரு படம்தான் நமக்குக் கிடைக்கும்." அவன் சொல்றது பொய்யில்ல. அதுதான் என்னைக் கொல்லுது. ஒரு நொடி நானும் கையை நீட்டிட்டேன், கொடுறா, பிடிச்சுத் தொலைக்கிறேன், ஆளு வந்தாப் போதும்னு. நீட்டின கையில அந்தத் தழும்பு. "ஒரே நொடியில என்ன புரியும் சேவியர்? செத்துட்டாருன்னு புரியும். செத்தவனைத் தேட எவன் போனை எடுப்பான்?" அந்தப் பொண்ணு நோட்டுல இருந்து தலையைத் தூக்கிச்சு.

அந்தப் பொண்ணை எந்திரிக்கச் சொல்லி, ஸ்டூலை நகர்த்தி அது மேல ஏறினேன். "மதினி, பார்த்து"ன்னு அவன் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டான். கயித்துல திருப்பூர்ப் பையன் படம் தொங்கின இடம் காலியாக் கிடந்துச்சு, கிளிப் மட்டும் அப்படியே இருந்துச்சு. படத்துக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவுல திருமாறன்னு எழுதி அங்க மாட்டினேன். இறங்கி வந்து கவுண்டருக்குள்ள போய், எப்பவும் உட்கார்ற இடத்துல உட்கார்ந்தேன். தலைக்கு மேல வரிசையா எல்லாரும் தொங்குறாங்க, நடுவுல இவரு சிரிக்கிறாரு, என் கை அவரு தோள்ல. "இப்ப எடு." சேவியர் அண்ணாந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அண்ணாந்து பார்த்தான். முட்டி போட்டான், அவன் அண்ணன் போடுற மாதிரியே, அந்த முட்டியைப் பார்க்க முடியலை என்னால. "இங்க பாருங்க மதினி." பார்த்தேன். அந்தக் கெட்டில்காரி பார்த்தாளே, அப்படித்தான் பார்த்திருப்பேன். அழுகலை. கேமராவுக்குப் பின்னால யாரு இருந்தாலும் இருக்கட்டும்னு பார்த்தேன். ரெண்டு மூணு தடவை கேமராச் சத்தம் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மெதுவாக் கேட்டுச்சு, "அக்கா, படத்துக்குக் கீழே என்னன்னு எழுதட்டும்?" சுவத்துல தொங்குற படம் எல்லாத்துக்கும் என்ன அர்த்தமோ அதுதாம்மா. எடுத்தாச்சு, இன்னும் வந்து வாங்கிட்டுப் போகலை. அப்படியே எழுது. வந்து வாங்கிக்குவாரு.